பிறகு நீக்கவும்

அந்த வீட்டில் படிவம் என்று எது வந்தாலும் அது அண்ணியின் கைக்குத்தான் போகும். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அந்தக் கைநாட்டும் நடுங்கும். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரியில் ஏறியவன். கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுத மாட்டான், அதையும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி போடுவான். பன்னிரண்டாவது முடித்த கையோடு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அண்ணி. வந்த மறுவாரமே குடும்ப அட்டையில் தன் பெயரைச் சேர்க்கும் படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டு போனவள்.

அண்ணனுக்கு இளையவனான அவனுடைய கல்லூரி விண்ணப்பத்தையும் அவள்தான் நிரப்பினாள். தையல் மெஷினின் பலகைமேல் படிவத்தை விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளில் முதலில் எழுதிப் பார்த்து, பிறகு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக இறக்கினாள். ஒரு கேள்வி வந்தது: குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் எவரேனும் உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டவள், சற்று யோசித்து, ஓரத்தில் 'இவர்தான் முதல் ஆள்' என்று எழுதிவிட்டாள்.

"அண்ணி, கட்டத்துக்கு வெளிய எழுதினா தள்ளிடுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"தள்ளட்டும். வேற ஒண்ணு வாங்கி எழுதறேன். இதை மட்டும் எழுதாம விடமாட்டேன்."

தள்ளவில்லை. இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அவனுக்கு வீட்டில் 'இன்ஜினியர்' என்று பெயர். அவன் படித்தது கணினி அறிவியல்தான், பொறியியல் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "எங்க இன்ஜினியருக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்பாள் அண்ணி.

பட்டம் வாங்கியதும், மருத்துவமனை உதவியாளர்களுக்கான ஒரு பயிற்சி நிலையத்தில் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்தான். இரண்டு மாடிக் கட்டடம். கீழே வகுப்புகள், மேலே இருபது கணினிகள் உள்ள அறை. அந்த அறையின் மூலையில், ஒரு பக்கக் கை கழன்ற நாற்காலியில் அவன். வேலை என்றால் எல்லாம்தான். அச்சுப்பொறியில் மாட்டிய தாளை உருவுவது, திரையில் படம் வராவிட்டால் ஒயரைப் பிடுங்கிச் செருகுவது, கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதியது கொடுப்பது. இவற்றுக்கு நடுவே, நிலையத்தின் இணையவழிக் கற்றல் தளமும் அவன் பொறுப்பு. பாடங்கள், காணொளிகள், தேர்வுகள் எல்லாம் அதில்தான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகள் இலவசமாகப் பயன்படுத்தும் தளம் அது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், தன் பங்குக்கு ஒரு கருவியை எழுதிச் சேர்க்கலாம். பூட்டில்லாத பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தில் ஆண்டு முடிவில் மாணவர்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் இருந்தது. அச்சடித்த தாள். அதைக் கொடுப்பவர் அந்தந்தப் பாடத்தின் ஆசிரியர். நிரப்பும்வரை வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பவரும் அவரே, வாங்கி அடுக்குபவரும் அவரே. கொள்ளையடித்தவன் கையிலேயே கணக்கெடுப்பையும் கொடுத்த மாதிரி. எல்லாத் தாளிலும் 'மிக நன்று' என்றுதான் வரும். அவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக இருந்தது. படித்தவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற பரம்பரையில் பிறந்தவன் அவன். ஒரு கருவி எழுதுவது என்று முடிவு செய்தான்.

எட்டு மாதம் எழுதினான். ஆம், இல்லை கேள்விகள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் கேள்விகள். மனதில் பட்டதை எழுதுவதற்கு ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் மறைப்பு. அந்தத் தெரிவை வைத்துவிட்டால் பதிலோடு பெயர் சேராது, மாணவர் எண் சேராது. தரவுத்தளத்தையே திறந்து பார்த்தாலும் கிடைக்காது. அதைச் செய்து முடித்த அன்று, யாரும் பார்க்கவில்லையே என்று உறுதி செய்துகொண்டு, நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினான்.

இடையில் ஒரு கோளாறு வந்தது. அனுப்பும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பதில் இரண்டு முறை சேர்ந்தது. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று பார்ப்பதற்காக, அறிக்கையில் 'நேரம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்தான். நிரலில் அந்த வரிக்கு மேலே தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வைத்தான்: சோதனைக்கு மட்டும். பிறகு நீக்கவும். கோளாறு சரியானது. அவன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

கருவியைப் பொதுவில் வைத்தபோது, எங்கோ கடல் தாண்டி இருந்த ஓர் ஆசிரியர் இரண்டு வரியில் நன்றி எழுதியிருந்தார். அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னான்.

"எத்தனை பேருடா எடுத்துக்கிட்டாங்க?"

"நூத்துப்பத்து பள்ளிக்கூடம்ணே."

"ஒருத்தன் கூடக் காசு தரமாட்டானா? அப்ப உனக்கு என்னடா லாபம்?"

"பேர் கிடைக்கும்."

"பேரை வறுத்துத் திங்கலாமா?" லாரியின் ஹாரனுக்கு நடுவே அண்ணன் சிரித்தான். பிறகு, "என் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற கிளீனர்கிட்ட இப்பவே சொல்றேன், இரு" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அண்ணி அந்த நிலையத்தில் சேர்ந்தது அதே ஆண்டில்தான். அவள் பகலில் பக்கத்துத் தெருவில் இருந்த தையல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது புரட்டிப் படுக்கவைத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். வந்து பார்த்த டாக்டர், "உனக்கு நல்ல கைம்மா. படிச்சிருந்தா எங்களோட இருந்திருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சாதாரணமாகச் சொன்னது. அண்ணிக்கு அது உள்ளே இறங்கிவிட்டது.

உதவியாளர் பயிற்சிக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு அந்த வரம்பைத் தொட இரண்டு மாதம் பாக்கி இருந்தது. விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். மாலை வகுப்பு, ஒரு வருடம். பெரிய மருத்துவமனையின் தலைமைச் செவிலியரைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். "சான்றிதழோட வா, இடம் இருக்கு" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அங்க நான் உனக்கு யாரோ, நீ எனக்கு யாரோ. கொழுந்தன் தயவுல பாஸானான்னு நாளைக்கு எவளும் பேசக்கூடாது."

அதனால் மாலையில் கணினி அறைக்கு வரும்போது, "வணக்கம் சார். பாஸ்வேர்ட் மறந்துடுச்சு சார்" என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவன்தான் சிரிப்பை அடக்க முடியாமல் அச்சுப்பொறிக்குப் பின்னால் குனிந்துகொள்வான்.

படிப்பில் அவள் புலி. எழுத்துத் தேர்வில் பதினோரு பேரில் முதல். கஷ்டமெல்லாம் செய்முறை வகுப்பில்தான். நிலையத்தில் ஊசி போடவும் நாடி பார்க்கவும் பழகுவதற்கு ஒரு பொம்மை இருந்தது; ஆளுயரம், ரப்பர் தோல், கையில் நரம்பு கூட உண்டு. அதைச் செய்முறை மேடம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். வாங்கும்போது சுற்றியிருந்த பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சோதனைக்கு அதிகாரிகள் வரும்போது அலமாரி திறக்கும், பார்த்துவிட்டுப் போனதும் மூடும். "கெட்டுப்போனா யார் பதில் சொல்றது? வீடியோ போட்டிருக்கேன், பாருங்க" என்பார் மேடம்.

"எங்க கூடத்துல மெஷினைப் பூட்டி வெச்சுட்டு, தையலை வீடியோவுல பாருங்கன்னா எப்படி இருக்கும்?" என்று அண்ணி வீட்டில் வந்து புலம்புவாள். கடைசியில் தலையணையில் ஊசி குத்திப் பழகினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பஞ்சுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்.

ஆண்டு முடிவில், அவனுடைய கருவி வழியாக முதன்முறையாகக் கருத்துக் கேட்டார்கள். அன்று காலை அண்ணி அவன் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் நாலு போட்டுட்டு வந்துடறேன் தம்பி. அஞ்சு போட்டா ஜால்ரான்னு தெரியும். நாலுன்னா கௌரவம்."

"அந்தப் பொம்மையைப் பத்தி எழுதுங்க அண்ணி."

"எதுக்கு? தெருவுல போற வம்பைக் கூப்பிட்டுத் திண்ணையில சோறு போடவா?"

"பேர் வராது. யாருக்கும் தெரியாது. அதுக்காகத்தானே எட்டு மாசம் உட்கார்ந்து எழுதினேன்?"

"செய்முறைக்கு மார்க் போடறது அந்த மேடம்தான்."

"அண்ணி, அது நான் எழுதினது. என்மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உதறி, ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவளுக்கு அது ஒரு நோய். தைப்பதற்கு முன்னால் துணி நழுவாமல் இருக்க ஓட்டுத்தையல் போடுவார்கள். தைத்து முடித்ததும் அந்த நூலைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் அவள் துணியை வெளியே கொடுக்க மாட்டாள். "ஓட்டு நூலோட போச்சுன்னா தச்சவளுக்கு மானக்கேடு" என்பாள்.

"உன்னை நம்பாம வேற யாரை நம்பறது?" என்று சட்டையை நீட்டினாள்.

அன்று மதிய இடைவேளையில், தையல் கூடத்தில் உட்கார்ந்தபடியே போனில் நிரப்பினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்ன எழுதினாள் என்று தானே சொன்னாள். 'பயிற்சிப் பொம்மையை ஒரு நாள்கூட வெளியே எடுக்கவில்லை. நாளைக்கு நான் முதன்முதலாக ஊசி போடப்போவது உயிருள்ள ஒருவர் கையில். எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அலமாரியைத் திறக்கவும்.'

"திட்டி எழுதலை. பயமா இருக்குன்னுதான் எழுதினேன். நெஞ்சு லேசாயிடுச்சு இன்ஜினியர்."

செய்முறைத் தேர்வும் முடிந்து, மூன்று வாரம் கழித்துத் தேர்ச்சிப் பட்டியல் ஒட்டினார்கள். பதினொன்றில் பத்துப் பெயர்கள். எழுத்தில் முதல் வந்தவள் செய்முறையில் தேறவில்லை. 'கைத்திறன் போதாது' என்று காரணம் எழுதியிருந்தது.

அண்ணி பட்டியலின் முன்னால் நின்று, விரலை வைத்து மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தாள். பிறகு படியேறிக் கணினி அறைக்கு வந்தாள். அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். "சார், சான்றிதழுக்குக் கொடுத்த போட்டோவைத் திருப்பிக் கொடுப்பாங்களா சார்?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

செய்முறையில் தவறினால் வருடம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். அதற்குப் புதிதாகச் சேர வேண்டும். சேர்வதற்கு வயது தாண்டிவிட்டது. அண்ணன் லாரியிலிருந்து கூப்பிட்டு, "யானைக்கே அடி சறுக்கும், நீ என்ன, போனாப் போகுது விடு" என்றான். வீட்டில் எல்லோரும் அவளுக்குக் கை நடுங்கியிருக்கும் என்றே நினைத்தார்கள். அவளும் அப்படியே நினைத்தாள். அதுதான் கொடுமை. தலையணையைத் துவைத்து வெயிலில் போட்டாள். இரண்டு நாள், மெஷினில் நூல் கோக்கும்போதெல்லாம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். செய்முறை மேடம் அவனைக் கீழே கூப்பிட்டு அனுப்பினார். பகல் வகுப்பின் கருத்து அறிக்கை திறக்கவில்லையாம். கோப்பின் பெயரில் ஏதோ சிக்கல். ஒரு நிமிஷ வேலை. சரிசெய்து கொடுத்ததும் மேடத்துக்குச் சந்தோஷம்.

"உங்க டூல் பிரமாதம் சார். பழைய தாள்ல எவ என்ன எழுதினான்னு கையெழுத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இதுல நேரமே வந்துடுதே!"

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"இங்க பாருங்க. இந்தப் பதில் ஒண்ணு பதினேழுக்கு வந்திருக்கு. நம்ம தளத்தோட வருகைப் பதிவைத் திறந்தா, யார் எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குத் தொட்டாங்கன்னு இருக்கும். ஒண்ணு பதினேழுக்குத் தொட்டது யாரு? போன தடவை அப்படித்தான், ஒருத்தி பொம்மையைப் பத்தி நீளமா எழுதியிருந்தா. ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன், ஆள் கையும் களவுமா மாட்டிக்கிட்டா. தையல்காரிக்கு என்ன வாய் பாருங்க!"

அவன் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. மாடிக்கு வந்து நிரலைத் திறந்தான். முன்னூற்று நாற்பத்திரண்டாவது வரி. சோதனைக்கு மட்டும். பிறகு நீக்கவும். அவனுடைய எழுத்துத்தான்.

பெயரை எங்கெல்லாம் தேடலாமோ அங்கெல்லாம் தேடி அழித்திருந்தான். நேரமும் ஒரு பெயர்தான் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வாசலைப் பூட்டி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைப் பூட்டிலேயே விட்டு வந்திருக்கிறான்.

அன்றே இயக்குநரைப் போய்ப் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னான், அந்த மாணவி தன் அண்ணி என்பதையும். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஓ. உங்க வீட்டு ஆளா?"

"அதுக்காகக் கேக்கலை சார். மேடம் பழி வாங்கியிருக்காங்க. எந்த நாள், எந்த நேரம் அவங்க வருகைப் பதிவைத் திறந்தாங்கன்னு என்கிட்ட இருக்கு."

"பார்க்கறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்குல்ல? பார்த்ததாலதான் மார்க் குறைஞ்சதுன்னு எப்படிச் சொல்வீங்க? கைத்திறனை யார் அளக்கறது? அந்த மேடம்தானே?"

"மறுபடியும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க சார். வேற யாரையாவது வெச்சு."

"பட்டியல் மேலிடத்துக்குப் போயாச்சு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தப்பு உங்க கருவியில இருக்கு, தம்பி. அதை முதல்ல சரி பண்ணுங்க. ஆனா ஒண்ணு. பொம்மை விஷயம் நியாயம்தான். இந்த வருஷத்துலேர்ந்து அலமாரியைத் திறக்கச் சொல்லிடறேன்."

சொன்னபடி திறந்தார்கள். புது வகுப்பு பாலிதீன் உறையைப் பிரித்து, அந்த ரப்பர் கையில் ஊசி குத்திப் பழகியது. மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவனுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அண்ணியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கேட்கப்போவதில்லை, எவரும் போய்ச் சொல்லப்போவதுமில்லை. ஆனால் அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெளியே போயிருந்தபோது, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னான். நேரப் பத்தி, மேடம், அந்த வரி, எல்லாம்.

அவள் மிதியை நிறுத்தவில்லை. விளிம்பு முடியும்வரை தைத்தாள்.

"அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க கைக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. எல்லாம் என்னாலதான்."

"நீ வேணும்னா செஞ்ச? விடு." துணியைத் திருப்பிப் போட்டாள். "அலமாரியைத் திறந்தாங்களா?"

"திறந்துட்டாங்க."

"சரி."

அழுதிருந்தால் அவனும் அழுதிருப்பான். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். அவள் எழுந்துபோய் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். "தம்பி, உனக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டாள். பத்து வருஷமாக அவள் அதைக் கேட்டதில்லை, அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் அவனை இன்ஜினியர் என்று கூப்பிடவும் இல்லை.

அவன் கருவியைத் திருத்தினான். நேரப் பத்தியை எடுத்தான். பதில்கள் வந்த வரிசையிலேயே அடுக்கப்படாமல் சீட்டுக்கட்டு மாதிரி குலுங்கும்படி செய்தான். ஏழு பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அறிக்கையே திறக்காது. வருகைப் பதிவில் கேள்விப் படிவத்தின் பக்கம் மட்டும் பதியாது. ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்தான். 'பிறகு' என்ற சொல் இருக்கிறதா என்று நிரல் முழுக்கத் தேடினான்.

வெளியிடுவதற்கு முன் நிஜ மனிதர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். ஏழு பேராவது வேண்டும். அண்ணியிடம் கேட்க நாக்கு எழவில்லை. அவளே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன வேணும், சொல்லு" என்றாள்.

"கூடத்துல இருக்கறவங்களை ஒரு தடவை நிரப்பிப் பார்க்கச் சொல்ல முடியுமா அண்ணி? வேலை இடம் எப்படி இருக்குன்னு சும்மா நாலு கேள்வி. கடைசியில ஒரு பெட்டி. அதுல என்ன வேணா எழுதலாம். யாரு என்ன எழுதினாங்கன்னு எனக்கே தெரியாது."

"உனக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது."

மதிய இடைவேளையில் ஏழு பேரும் நிரப்பினார்கள், அவளையும் சேர்த்து. அவன் அறையில் காத்திருந்தான். உண்மையில் அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. அந்தப் பெட்டியில் அவள் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். திட்டாக இருந்தாலும் சரி. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பெயரில்லாமலாவது சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தானே அது.

அறிக்கையைத் திறந்தான். ஏழு வரிகள். நேரம் இல்லை, வரிசை இல்லை. எல்லாக் கேள்விக்கும் நாலு, நாலு, நாலு. கடைசிப் பெட்டி ஏழிலும் காலி. எது அண்ணியுடையது என்று மேலும் கீழும் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை. கருவி இப்போது சரியாக வேலை செய்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் ஒரு வெள்ளைச் சட்டையை மடியில் வைத்து ஓட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரியா வந்துதா தம்பி?"

"சரியா வந்துது அண்ணி."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த நூலைத் தேடினாள்.